நான் விட்ட சொட்டு மருந்து

என் மனைவியின் இடது கண்ணில் கருக்கா விழுந்தது தை மாதத்து ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அன்று நானும் களத்தில் இருந்தேன்.

எங்களுக்கு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் விளைகிற கொஞ்சம் வயல் உண்டு. அந்த வயல் முழுக்க அவள் பொறுப்பு. நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வரப்பில் செருப்போடு நடந்து வழுக்கி விழுகிறவன் என்று அவள் வீட்டார் கேலி செய்வார்கள். நாற்றங்கால் போடுவது, ஆள் கூப்பிடுவது, அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவைப்பது, மூட்டை பிடிப்பது எல்லாம் அவள்தான். மழை எப்போது வரும் என்று அவள் வானத்தைப் பார்த்துச் சொல்வாள்; நான் செல்போனைப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் இரண்டு பேருமே தப்பாகத்தான் சொல்வோம்.

அன்று மெஷின் அறுத்துக் கொட்டிய நெல்லைத் தார்ப்பாயில் காயப்போட்டு, சொளகில் அள்ளித் தூற்றிக்கொண்டிருந்தாள். சீராக வந்துகொண்டிருந்த வாடைக்காற்று ஒரு நொடி சுழன்று அவள் முகத்திலேயே அடித்தது. சொளகைப் போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைப் பொத்தினாள்.

“என்னாச்சு?”

“கருக்கா விழுந்திருச்சுங்க. உறுத்துது.”

கருக்கா என்றால் மணி பிடிக்காத நெல். உள்ளே ஒன்றும் இருக்காது. ஓடு மட்டும்தான், அதன் நுனி ஊசி மாதிரி. கூட வேலை செய்த ஒரு அம்மா அவள் இமையைப் புரட்டிப் பார்த்து, சேலை முனையைத் திரித்து அதை எடுத்துவிட்டார். அவள் கிணற்றடிக்குப் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சொளகை எடுத்தாள். களத்தில் இது நடக்காத வருஷம் கிடையாது. நாங்கள் யாரும் அதை ஒரு சம்பவமாகவே நினைக்கவில்லை.

மறுநாள் கண் சிவந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் தண்ணீராக வடிந்தது.

“டவுனுக்குப் போய்க் காட்டிட்டு வந்துருவமா?” என்று கேட்டேன்.

“நெல்லைப் போட்டுட்டுப் போவங்க. கொள்முதல் நிலையத்துல நாளைக்கோ நாளன்னைக்கோ நம்ம முறை. ஆள் இல்லைன்னா பின்னால தள்ளிருவாங்க.”

அவள் சொன்னது சரிதான் என்று பட்டது. நான் வற்புறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். இன்றைக்கும் என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

“கண்ணுல தூசி விழுந்து செவந்திருக்குப்பா. வலியும் இருக்கு. என்ன விடலாம்?”

“அம்மாவுக்கா சார்? இதை விடுங்க. ரெண்டே நாள்ல செவப்பு போயிரும். எல்லாருக்கும் இதான் குடுக்குறேன்.”

சிறிய வெள்ளைப் புட்டி. அட்டையை வாங்கிப் படித்தேன். எங்கள் ஊரில் யார் வீட்டில் மாத்திரை வாங்கினாலும் என்னிடம் கொண்டுவந்துதான் படிக்கச் சொல்வார்கள், அந்தப் பழக்கம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அதில் சிவப்பாகப் போட்டிருந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் பையில் போட்டேன். இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, இரண்டு சொட்டு விட்டேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை. செவ்வாய்க்கிழமை வலி குறைந்தது. புதன்கிழமை சிவப்பு ஏறக்குறைய போய்விட்டது. அவள் களத்துக்குப் போய், கொள்முதல் நிலையத்துக்குப் போய், நெல்லை அளந்து போட்டுவிட்டே வந்தாள்.

“வாத்தியாரு வைத்தியம் பலிச்சிருச்சே” என்று சிரித்தாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. மறுநாள் ஆசிரியர் அறையில் அந்த மருந்தின் பெயரை இன்னொருவருக்கு எழுதிக்கூடக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளால் டியூப்லைட் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வலி திரும்பி வந்தது. நான் நான்கு தடவையை ஆறு தடவையாக்கினேன். சனிக்கிழமை பகலில் அவளை வாசலுக்குக் கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்தபோது, கருவிழியின் நடுவில், கொஞ்சம் கீழே, அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. விரல் நகத்தால் தட்டிவிட்டால் போய்விடும் போல இருந்தது.

“என்னங்க தெரியுது?”

“ஒண்ணுமில்லை. பீளை ஒட்டியிருக்கு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை. திங்கட்கிழமை புதுக்கோட்டையில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். கருவி முன்னால் அவள் முகவாயை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இன்னைக்கே திருச்சிக்குப் போங்க சார். வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துட்டுப் போறேன்னு போகாதீங்க. இங்கிட்டிருந்தே பஸ் ஏறுங்க.”

நடுப்பகல் பஸ். ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. முந்தானையைத் தலை மேல் போட்டு முகத்தை என் தோளில் புதைத்தும் அவளால் தாங்க முடியவில்லை. பையிலிருந்த குடையை எடுத்து பஸ்ஸுக்குள்ளேயே விரித்துப் பிடித்தேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் ஏதோ சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். கீரனூர் தாண்டும்போது அவள் கேட்டாள்: “பார்வை போயிருமாங்க?”

“சேச்சே. கண்ணுக்கு இப்ப என்னென்னமோ வைத்தியம் வந்திருச்சு.”

திருச்சி ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். எங்கள் மகளைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். கண் மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

“இதுவரைக்கும் என்ன மருந்து விட்டீங்க சார்? மெடிக்கல்ல வாங்கி ஏதாவது சொட்டு மருந்து? ஸ்டீராய்டு கலந்தது ஏதாவது?”

எனக்குப் பின்னால் பெஞ்சில் அடுத்த முறைக்கு உட்கார்ந்திருந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் தகப்பனார். “சார், நீங்களா!” என்று சற்று முன்புதான் வணக்கம் வைத்திருந்தார். அவர் அங்கே இருந்ததுதான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணும் விடலைங்க டாக்டர். தண்ணியில கழுவுனதுதான்” என்றேன்.

என் மனைவி நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள். அப்போது அந்தப் புட்டி என் கைப்பையில் இருந்தது.

சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிட்டது. “பூசணம் பிடிச்சிருக்குங்க” என்றார் டாக்டர். “பழைய ரொட்டியில பூக்குமே, அது மாதிரி. நெல்லுலேயும் மண்ணுலேயும் இருக்கும். கண்ணுல கீறல் விழுந்ததும் உள்ளே போயிருச்சு. ஆழமா போயிருக்கு. வழக்கமா இவ்வளவு வேகமாப் போகாது.” கடைசி வரியைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை அவர் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார்.

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, இரவும் பகலும். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். விட்டால் இமை ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி படிந்து காயும். முதல் நாள் நர்ஸ்கள் விட்டார்கள். பிறகு விடுகிற முறையைக் கேட்டுக்கொண்டு நானே விட்டேன். செல்போனில் மணிக்கொரு அலாரம் வைத்தேன். அது அடிக்கும்போதெல்லாம் பக்கத்துக் கட்டில்காரர்களும் விழித்துக்கொண்டார்கள். அந்த வார்டில் எல்லாரும் ஏதோ ஒரு மருந்துக்காக விழித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் ஒரு காலின் கட்டை விரலை மற்றக் காலின் மேல் அழுத்திக்கொள்வாள். பிரசவ வலிக்கே கத்தாதவள். இரண்டாம் நாள் மத்தியானம், “தலையில பாதியைப் பிச்சு எடுத்துட்டாத் தேவலைங்க” என்றாள்.

மூன்றாம் நாள் நர்ஸ் கேட்டதற்கு, தண்ணீரில் கழுவியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்று அவளும் சொன்னாள். நர்ஸ் போனதும் நான் கேட்டேன்.

“நீ ஏன் அப்புடிச் சொன்னே?”

“வாத்தியாரு பொய் சொன்னாருன்னு நான் எப்புடிங்க சொல்றது?”

அன்று சாயங்காலம் வலி மிக அதிகமானபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய மருந்தை ஒரே ஒரு சொட்டு விடச் சொன்னாள். “அதுலதான் வலி கேட்டுச்சு. இவங்க குடுக்குறதுல ஒண்ணும் கேக்கலை. பையிலதானே வெச்சிருக்கீங்க? ஒரே சொட்டுங்க.”

நான் புட்டியை எடுத்துவிட்டேன். மூடியைத் திருகிவிட்டேன் என்பதும் நிஜம். அவள் முகத்தை மேலே தூக்கிக் காத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூடியைப் போட்டுவிட்டுச் சொன்னேன்: “இதுதான் கெடுத்திருக்கும் போலத் தெரியுது. இது வலியை அமுக்கிட்டு உள்ளே பூசணத்தை வளர்த்துவிடும். போன்ல தேடிப் படிச்சுட்டேன்.”

“எப்பப் படிச்சீங்க?”

“முதல் நாளே.”

அவள் கையை விலக்கிக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் புட்டியை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் புட்டியை வைத்தேன். அவர் அதை எடுத்துப் பெயரைப் பார்த்தார்.

“எத்தனை நாள் விட்டீங்க?”

“ஏழு நாள்.”

கேஸ் ஷீட்டில் எழுதினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா... டாக்டர்?”

“தெரிஞ்சிருந்தாலும் இதே மருந்துதான் குடுத்திருப்பேன் சார். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அந்தப் பதிலை நான் எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அது ஆறுதலாகத் தோன்றும். மறுநாள் அப்படித் தோன்றாது.

பத்தாம் நாள் காலையில் நான் இட்லி வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. “ஏங்க, கண்ணுக்குள்ளேருந்து சூடாத் தண்ணி கொட்டுச்சு. வலி நின்னிருச்சு. சுத்தமா இல்லை” என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளே இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டதெல்லாம் மனதில் ஓடியது. விஷயத்தைச் சொல்ல நர்ஸிடம் ஓடினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியதைக் கண்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் போனை எடுத்தார்.

கருவிழி கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. உள்ளேயிருந்த நீர் வெளியேறியதால்தான் வலி நின்றது.

இறந்த ஒருவரின் கருவிழியை வைத்து ஓட்டையை மூட வேண்டும், பார்வைக்காக இல்லை, கண்ணைக் காப்பாற்றுவதற்காக என்று சொன்னார்கள். மறுநாளே கருவிழி வந்துவிட்டது. அதை ஒரு அதிர்ஷ்டம் என்றே எல்லாரும் சொன்னார்கள். அறுவை முடிந்து கட்டுப் போட்டிருந்தபோது அவள் கேட்டாள்: “குடுத்தது ஆம்பளையா, பொம்பளையா?”

“அதெல்லாம் சொல்ல மாட்டாங்க.”

“வயசானவுகளா இருந்தாப் பரவாயில்லை. சின்ன வயசா இருந்தா அந்த ஆத்தா என்ன பாடு படுறாளோ.”

அறுவைக்குப் பிறகு பதினைந்து நாளும் காலையில் சாமி கும்பிடும்போது, முகம் தெரியாத அந்த ஆளுக்காகவும் கையைக் கூப்பினாள். என்னோடு பேசினாள்; தண்ணீர் கேட்டாள், தலை சீவிவிடச் சொன்னாள், நெல் அறுத்த வயலில் விதைத்திருந்த உளுந்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அந்தப் புட்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பதினாறாம் நாள், புதுக் கருவிழியின் ஓரத்தில் மறுபடியும் வெள்ளை படர்ந்தது.

இனிக் கண்ணை எடுத்துவிடுவதுதான் வழி என்று டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“எங்கிட்டச் சொல்லுங்கம்மா. கண்ணு என்னுது.”

டாக்டர் உள்ளே போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்.

“வெச்சிருந்தா வெளிச்சமாச்சும் தெரியுமா?”

“தெரியாதும்மா. வலிதான் இருக்கும். பூசணம் கண்ணைத் தாண்டிப் பின்னால போனாலும் போகும்.”

“அப்ப எடுத்துருங்க” என்றாள். சற்றுப் பொறுத்து, “எடுக்கையில எனக்கு நெனவு இருக்கக் கூடாது” என்றாள்.

சம்மதப் படிவத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன். வருஷக்கணக்காக எத்தனையோ மதிப்பெண் பட்டியல்களில் போட்ட அதே கையெழுத்துதான். அன்று முதல் எழுத்தான ‘ச’ எழுதுவதற்கே இரண்டு தடவை பேனாவைத் தூக்கினேன்.

அறுவை முடிந்த அன்று முழுக்கத் தூங்கினாள். மறுநாள் கஞ்சி குடித்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “எடுத்ததை என்ன செய்வாங்க?”

எனக்குத் தெரியவில்லை.

“கேட்டுட்டு வாங்க.”

போய்க் கேட்டேன். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக் கழிவோடு எரித்துவிடுவார்கள் என்று நர்ஸ் சொன்னார். வந்து அப்படியே சொன்னேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை. “சரி. எரிக்கத்தானே செய்யறாங்க” என்றாள்.

எங்கள் மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரம் என்று அவளிடம் ‘கண்வலி’ என்று மட்டும் சொல்லியிருந்தோம். விஷயம் தெரிந்து வந்தவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்ன மருந்து விட்டீர்கள் என்று அவளும் கேட்டாள். சொன்னேன்.

“நீங்க சயின்ஸ் வாத்தியாருப்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஆறு மாதம் என்னிடம் நேராகப் பேசவில்லை. போனில் என் குரல் கேட்டால், “அம்மாகிட்டக் குடுங்க” என்பாள்.

ஊருக்கு வந்தோம். ஒரு கண்ணால் வாழ்வது என்றால் பாதி தெரியும், பாதி தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தூரம் தெரியாது. சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் தரையில் கொட்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை மேடையின் விளிம்புக்கு வெளியே வைத்துக் காலைச் சுட்டுக்கொண்டாள். படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்ப்பாள். இடது தோள் நிலைப்படியில் இடித்து இடித்துக் கன்றிப் போயிருந்தது. மொபெட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். தெரு முனையில் எதிரே வந்த ஆடு தெரியாமல் விழுந்தாள். எழுந்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவள் பிறகு சாவியைத் தொடவில்லை. சேர்ந்து எங்கே போனாலும் நான் அவளுக்கு இடது பக்கம் நடக்கப் பழகிக்கொண்டேன்.

வயலுக்கு மட்டும் போனாள். போகவேண்டாம் என்றேன். “வீட்டுல உக்காந்து என்ன செய்யச் சொல்றீங்க?” என்றாள். வரப்பில் இப்போது அவளும் வழுக்கி விழுந்தாள்.

வைகாசியில் குன்றாண்டார்கோவில் பக்கம் அவள் பிறந்த வீட்டில், அவள் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் புறப்பட்டபோது, வழக்கம்போல முதல் தட்டு அவள் கையில்தான் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண் குரல், மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது:

“முன்னாடி வேணாமே. அவுகளைப் பின்னால வரச் சொல்லுங்களேன்.”

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அந்தக் குரலை அதட்டவில்லை. அவள் அண்ணன் கேட்காத மாதிரி பந்தல் காலைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயும் திறக்கவில்லை. அவள் தட்டை எங்கள் மகள் கையில் கொடுத்துவிட்டு, ஓரமாக வந்து நின்றாள்.

மகள் தட்டை வாங்கியவள் நடக்கவில்லை. “எங்க அம்மா முன்னாடி வராட்டி இந்தத் தட்டு வராது” என்று நின்ற இடத்திலேயே நின்றாள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். என் மனைவிதான் போய், “போடி, நேரமாகுது” என்று அவளைத் தள்ளிவிட்டாள். சாப்பிடாமலே கிளம்பினோம். அடுத்த நாள் அண்ணன் போன் செய்து அழுதார். “விடுண்ணே. யாரோ சொன்னதுக்கு நீ என்ன செய்வே” என்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம், “நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு பாத்தேன்” என்றாள். எனக்கு அந்தப் புட்டியைப் பற்றி அவள் கேட்டிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

ஆடியில் செயற்கைக் கண் வைத்தார்கள். அதைச் செய்தவர் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து நிறம் தீட்டினார். வெள்ளையில் ஓடுகிற சிவப்பு நரம்புக்குக்கூட மெல்லிய நூல் இழை வைத்தார். பொருத்தி முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அவள் வெகுநேரம் பார்த்தாள். “நெசமாவே பாக்குற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பக்கமும் கண்ணீர் வந்தது. அது வரும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரத்தில் பஞ்சு வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அத்தனை மாதமாக அந்தக் கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் எழுந்தார்.

“நான் குடுத்த மருந்தாலயா சார்?”

“கேட்டு வாங்குனது நான்தானேப்பா” என்றேன். அப்போது ஒருவர் வந்து, கண் சிவந்திருக்கிறது, சொட்டு மருந்து வேண்டும் என்றார். கடைக்காரரின் கை பழக்கத்தில் அந்த மருந்து இருந்த தட்டுக்குப் போய், பாதியில் நின்றது.

“டாக்டர்கிட்டக் காட்டுங்கண்ணே. சீட்டு இல்லாம குடுக்கறதில்லை.”

“என்னப்பா இது, போன மாசம் குடுத்தியே!”

நான் அந்த மனிதரிடம் சொல்ல ஆரம்பித்தேன். என் மனைவிக்கு இப்படித்தான் என்று. அவர் பாதி கேட்டார். “எனக்கு அவ்வளவெல்லாம் இல்லைங்க, லேசாத்தான் செவந்திருக்கு” என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே கொடுத்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அந்த வெள்ளைப் புட்டி தெரிந்தது. நான் சாலையைக் கடந்து ஓடினேன். அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. மகள் என்னோடு பேசுகிறாள். முன்போல இல்லை என்று எனக்குத் தோன்றும், அப்படி இல்லை என்று அவள் சொல்வாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருச்சிக்குப் போய் வலது கண்ணைக் காட்டிவிட்டு வருகிறோம். போன தடவை, லேசாகப் புரை விழத் தொடங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அறுவை செய்யும்போது ரொம்பக் கவனமாகச் செய்யவேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் சாயங்காலங்களில் கண்ணை மூடிக்கொண்டு சமையலறையில் நடந்து பார்க்கிறாள். உப்பு எங்கே, புளி எங்கே என்று தொட்டு வைத்துக்கொள்கிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.

செயற்கைக் கண்ணைக் கழற்றிக் கழுவுவதை என் எதிரில் அவள் செய்ததே இல்லை. கதவைச் சாத்திக்கொள்வாள். போன ஐப்பசியில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணில் பீளை கட்டி இமை வீங்கிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

“கைய நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. இதை எடுக்கணும்.”

அவள் சொல்லச் சொல்லக் கீழ் இமையை அழுத்தினேன். கண் வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது. சிப்பி மாதிரி மெல்லிசாக, வெதுவெதுப்பாக இருந்தது. நான் முதல் முறையாக அது இருந்த இடத்தைப் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, வாய்க்குள் இருக்கிற சதை மாதிரி இருந்தது.

“பயமா இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

“ம். எனக்கும் மொதல்ல இருந்துச்சு. வெந்நி ஆறிருச்சா பாருங்க. சோப்பு ஒட்டியிருந்தா எரியும், ரெண்டு தடவை அலசுங்க.”

இரண்டு தடவை அலசினேன். மூன்றாவது தடவையும் அலசினேன். மேல் இமையைத் தூக்கி உள்ளே சொருகும்போது ஒரு தடவை தவறியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனாள். கண் உள்ளே போய் உட்கார்ந்ததும் இரண்டு முறை இமைத்துப் பார்த்துவிட்டு, “தலைகீழா வெச்சிருக்கீங்க. எடுத்துத் திருப்பி வைங்க” என்றாள்.